மே தினத்துக்கு ஒரு பூட்டு

"ஆகஸ்ட் பதினைந்து அரசு விடுமுறை. எனவே நமது பள்ளிக்கும் கண்டிப்பாக விடுமுறை. விடுமுறை என்றால் என்ன, அது ஏன் வந்தது, அதன் வரலாற்றில் உள்ள ஆங்கிலச் சொற்கள் யாவை என்பதை அறிந்துகொள்ளும் பொருட்டு, மாணவர்களும் ஆசிரியர்களும் அன்று காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கு வந்துவிட வேண்டும். மாலை ஐந்து மணி வரை விடுமுறை கொண்டாடப்படும். வராதவர்கள் விடுமுறையை அவமதித்தவர்களாகக் கருதப்படுவார்கள்."

கோல்டன் தேம்ஸ் மெட்ரிகுலேஷன் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் ஜெரோம் இந்தச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு, ஆங்கிலம் நடத்தி நடத்தித் தனக்குத் தமிழ் மறந்துபோயிற்றோ என்று சந்தேகப்பட்டார். மறுபடியும் படித்தார். தமிழ் சரியாகத்தான் இருந்தது. விடுமுறைதான் சரியில்லை.

அது 1999ஆம் வருஷம். திண்டுக்கல்லிலிருந்து எரியோடு போகிற சாலையில், சோளக்காட்டுக்கும் முருங்கைத் தோட்டத்துக்கும் நடுவில் அந்தப் பள்ளி நின்றது. தேம்ஸ் என்பது லண்டன் வழியாக ஓடுகிற ஆறு. இங்கே குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்தது, லாரிக்காரருக்கு மனசு இருந்தால். பள்ளியின் தாளாளர் ஆனந்த்ராஜ் அதற்கு முன்னால் வெங்காய மண்டி வைத்திருந்தார். வெங்காயம் இரண்டு மழைக்கு அழுகிப்போகும், பிள்ளைகள் பன்னிரண்டு வருஷம் தாங்கும் என்று கண்டுகொண்ட அன்றே அவர் கல்வித் தொண்டுக்கு வந்துவிட்டார்.

சுற்றறிக்கை போன கையோடு, காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவரே மைக்கைப் பிடித்து விளக்கமும் சொன்னார்.

"லீவு லீவுன்னு பறக்குறீங்களே, லீவுக்கு ஒரு ஹிஸ்டரி இருக்குல்ல? அது தெரியாம லீவு எடுக்குறது, யாரு வீட்டுக் கல்யாணம்னே தெரியாம பந்தியில உக்கார்ற மாதிரி. இனிமே ஒவ்வொரு லீவுக்கும் ஒரு ஹிஸ்டரி, அந்த ஹிஸ்டரிக்குள்ள இருந்து பத்து இங்கிலீஷ் வார்த்தை. பிள்ளைக வாயில இனிமே லீவுங்கிற பேச்சே வரக்கூடாது. இங்கிலீஷ்தான் வரணும். அந்தப் பத்து வார்த்தைக்கும் ஜெரோம் சார் பொறுப்பு."

பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். பெற்றோருக்கோ உண்மையிலேயே மகிழ்ச்சி. லீவு நாளில் வீட்டை இரண்டாக்குகிற பிள்ளை, காலையில் டை கட்டிக்கொண்டு போய்ப் பொழுது சாயும்போது பத்து இங்கிலீஷ் வார்த்தையோடு வருகிறதென்றால் யாருக்குக் கசக்கும்?

கசந்தது ஜெரோமுக்குத்தான். ஜூன் மாதம் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. கல்யாணமாகி ஏழாம் வருஷம், சகாய மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை. பெயரும் நேர்ச்சையிலேயே முடிவாகிவிட்டது. ஆனால் அவர் மனைவி ரூபியின் குடும்பத்தில் ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுகிற வரைக்கும் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். அதுவரை அது 'பாப்பா'தான்.

மாதா கோயில் பங்குச் சாமி ஞாயிற்றுக்கிழமையிலும் அரசு விடுமுறையிலும் பதினோரு மணிக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். அப்பன், ஆத்தா இருவரும் கூட நிற்க வேண்டும் என்பதில் கறாரானவர். ஞாயிற்றுக்கிழமை ஜெரோமை விட்டுப் போய் வெகுநாளாகிவிட்டது. பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ் அதை விழுங்கியிருந்தது. மிச்சமிருந்தவை அரசு விடுமுறைகள்தான். வேலையை உதறிவிடலாமென்றால், அவருடைய பட்டச் சான்றிதழ்கள் எல்லாம் தாளாளர் அறையில் பச்சைப் பீரோவுக்குள் இருந்தன. வேலைக்குச் சேரும்போது "பத்திரமா இருக்கட்டும் சார்" என்று வாங்கி வைத்ததுதான். இன்றுவரை பத்திரமாகவே இருக்கின்றன.

ஆகஸ்ட் பதினைந்து மாதாவின் பெருவிழாவும்கூட. அன்றைக்கே ஞானஸ்நானம் என்று ரூபி நாள் குறித்திருந்தாள். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்க வேண்டிய ஞானத்தகப்பன் அவளுடைய அண்ணன் ஆண்டனிராஜ். திருப்பூரில் பேங்க் உத்தியோகம். வெள்ளைக் கவுனோடு முதல் நாளே வந்து இறங்கிவிட்டார். ஆடு வாங்கியாயிற்று. சீரகச் சம்பா ஊறிக்கொண்டிருந்தது.

அன்று காலை பத்து மணிக்கு, அடிமைத்தனம் என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை அறுபது பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்ல வைத்துவிட்டு, ஜெரோம் தாளாளர் அறைக்குப் போனார்.

"சார், ஒரு ரெண்டு மணி நேரம் பெர்மிஷன் வேணும். பிள்ளைக்கு ஞானஸ்நானம்."

தாளாளர் அவரை வருத்தத்தோடு பார்த்தார். "நாடே சுதந்திரத்தக் கொண்டாடுது. இன்னைக்குப் போயி பெர்மிஷன் கேக்குறீங்களே சார்."

ஜெரோம் திரும்பி வந்து இண்டிபெண்டன்ஸ் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினார்.

வீட்டில் ஞானஸ்நானம் நடக்கவில்லை. ஆனால் ஆடு வெட்டியாயிற்று, சம்பா வெந்தாயிற்று. சொந்தபந்தம் சாப்பிட்டுப் போனது. அக்டோபர் இரண்டாம் தேதி மறுபடியும் கூடினார்கள். அன்றைக்குக் கறிக்கடைகள் எல்லாம் அடைப்பு என்பதால் சாம்பார், உருளைக்கிழங்கு. அதையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டுப் போனார்கள். அந்த நேரத்தில் தாளாளர், அன்றுதான் எடுத்த புதுக் காரில் வந்து இறங்கி, காருக்குப் போட்ட மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, சிம்ப்ளிசிட்டி என்ற சொல்லைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். ஜெரோம் மைக் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு தடவையும் அதற்கு ஸ்பெல்லிங் சொன்னார்.

சரஸ்வதி பூஜைக்கு விட்டுவிடுவார் என்று ஊரே நம்பியது. அன்றைக்குப் புத்தகங்களைச் சாமிக்கு முன்னால் அடுக்கிப் பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் வரைக்கும் யாரும் தொடக்கூடாது, படிக்கக்கூடாது. எந்த வீட்டிலும் பிள்ளைகளுக்கு அதுதான் வருஷத்திலேயே பிடித்த சம்பிரதாயம். தாளாளர் அதற்கும் வழி கண்டார். "புத்தகத்தத்தானப்பா தொடக்கூடாது? வாயி என்ன பூஜையிலயா இருக்கு?" அன்று முழுக்க வாய்ப்பாடம் நடந்தது.

நவம்பரில் அதிசயமாக ஒரு நல்ல மழை பெய்து, அதைவிட அதிசயமாக மழைக்கு விடுமுறையும் விட்டார்கள். காலை ஏழு மணிக்கு ஜெரோமின் எதிர்வீட்டுக்குப் போன் வந்தது.

"மழைக்கு என்ன சார் ஹிஸ்டரி இருக்கு?" என்றார் ஜெரோம், லுங்கியோடு நின்றபடி.

"என்ன சார், நோவா பேழை இல்லையா? உங்க வேதத்துல உள்ளத நானா சொல்லித்தரணும்? பத்து வார்த்தை எடுத்துக்கிட்டு வாங்க. பிள்ளைகளுக்கு வேன் அனுப்பிட்டேன்."

அன்று எழுநூறு பிள்ளைகள் நனைந்தபடி உட்கார்ந்து, நனையாமல் தப்பித்த மிருகங்களின் ஆங்கிலப் பெயர்களைப் படித்தார்கள். மறுநாள் மழை நின்றது. பள்ளியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். தாளாளர் ஃபீவர் என்பதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

பொங்கலன்று பிள்ளைகளுக்கே பொறுக்கவில்லை. எட்டாம் வகுப்பு முழுவதும் பின்கேட் வழியாகவும் சுவரேறிக் குதித்தும் கரும்பு தின்னப் போய்விட்டது. மறுவாரமே பின்கேட் இருந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள். சுற்றுச்சுவர் நெடுகக் கண்ணாடிச் சில்லுகள் முளைத்தன. "ஒழுக்கம் தானா வராது. நாமதான் வழி செய்யணும்" என்று அந்தச் சுவரைத் தடவிக் கொடுக்கப் போய்க் கையைக் கிழித்துக்கொண்டார் தாளாளர்.

இதற்கெல்லாம் உச்சம், ஏப்ரல் ஒன்றாம் தேதி. அரசு விடுமுறைப் பட்டியலில் 'வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு' என்று ஒரு நாள் உண்டு. அன்றைக்குப் பேங்கில் உள்ளவர்களே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வேலை பார்ப்பார்கள். அது யாருக்கு விடுமுறை என்பது பட்டியல் போட்டவருக்குத்தான் தெரியும். "லிஸ்ட்ல இருக்கா இல்லையா சார்?" என்று ஒரே கேள்வி கேட்டார் தாளாளர். பட்டியலில் இருந்தது. யுகேஜி குழந்தைகள் ஆடிட், பேலன்ஸ், டெபாசிட் என்று ராகம் போட்டுப் பாடின. அதில் ஒன்று வீட்டுக்குப் போய், தட்டில் இட்லி மிச்சம் வைத்ததற்கு பேலன்ஸ் என்று சொன்னதாம். அதன் அப்பா ஆனந்தக் கண்ணீரோடு வந்து தாளாளருக்குச் சால்வை போட்டார்.

இத்தனைக்கும் நடுவில் பாப்பா வளர்ந்துகொண்டிருந்தது. யாரையும் கேட்காமல் பல் முளைத்தது. ஒவ்வொரு விடுமுறைக்கும் ஆண்டனிராஜ் கொண்டுவந்த வெள்ளைக் கவுன் அடுத்த விடுமுறைக்குள் சின்னதாகிவிடும். அவர் சலித்துக்கொள்ளாமல் அடுத்த அளவு வாங்கிவருவார். "மாப்ள, ஒரே தடவையில ஞானஸ்நானம் முடிஞ்சிருந்தா நான் இம்புட்டுப் பிரியாணி சாப்பிட்டிருக்கமாட்டேன். நீ விசாரப்படாத" என்று ஆறுதலும் சொல்வார்.

ஜெரோம் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் இருட்டின பிறகுதான் வீடு வருவார். அதற்குள் பாப்பா தூங்கியிருக்கும். காலையில் அது கண் விழிக்கிற நேரத்தில் தெரிவதெல்லாம், கட்டிலைத் தாண்டி வாசலுக்குப் போகிற ஒரு நீல டை. கோல்டன் தேம்ஸில் ஆசிரியர்களுக்கும் டை உண்டு. அதனால் பாப்பா பேசத் தொடங்கியதும் டையைப் பார்த்து 'ப்பா' என்றது. ஆணியில் தொங்கினாலும் அதுதான் அப்பா. தெருவில் டை கட்டிப் போகிற மருந்துக் கம்பெனிக்காரரும் அப்பா. டை இல்லாமல் பனியனோடு ஜெரோம் தூக்கினால் வீறிட்டு அழுதது. ரூபிக்குச் சிரிப்பாக வரும். ஜெரோமுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் ரூபி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பங்குச் சாமிக்கு மாத்தல் வந்துருச்சாம்ங்க. மே ஒண்ணாந் தேதிதான் அவரு இங்க குடுக்குற கடைசி ஞானஸ்நானம். பதினோரு மணி. வரச் சொல்லிட்டாரு."

"நான் கேட்டுப் பாக்குறேன் ரூபி."

"கேட்டது போதும். எட்டு மாசமாக் கேட்டுட்டீங்க, பிள்ள நடக்க ஆரம்பிச்சுருச்சு. சாமிட்ட அழுது சம்மதம் வாங்கிட்டேன். நீங்க வந்தா வாங்க. வராட்டி அண்ணன் கையில குடுத்து முடிச்சுருவேன். பேரக் கேக்குறப்ப அண்ணன் சொல்லட்டும்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் ஜெரோமும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அவர் தட்டை நகர்த்தி வைத்தார். சொந்தப் பிள்ளையின் பெயரை முதல்முதலாகச் சொல்கிற பாக்கியமும் கோல்டன் தேம்ஸுக்குப் போகப் போகிறதே என்று வயிறெரிந்தார்.

பள்ளியிலோ மே தினத்துக்கு ஏற்பாடு தடபுடலாக நடந்துகொண்டிருந்தது. கோடை விடுமுறைதான், அதனால் என்ன? தனியார் பள்ளிச் சொல்வள மேம்பாட்டுக் கூட்டமைப்பு என்று ஒன்று இருந்தது. மாவட்டத்துத் தாளாளர்கள் எல்லாரும் சேர்ந்து, ஒருவருக்கொருவர் விருது கொடுத்துக்கொள்வதற்காக உண்டாக்கியது. அதன் தலைவரே சிறப்பு விருந்தினர். அவருக்குத் திட்டம் பிடித்துவிட்டால் எல்லாப் பள்ளிகளுக்கும் பரவிவிடும்.

நாடகம் எழுதும் பொறுப்பு ஜெரோமுக்கு. நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் சிகாகோ நகரத்துத் தொழிலாளர்கள், ஒரு நாளை மூன்றாக வகுத்து எட்டு மணி நேரம் வேலைக்கு, எட்டு மணி நேரம் தூக்கத்துக்கு, மிச்சம் எட்டு மணி நேரம் தங்களுக்கு என்று கேட்டுத் தெருவில் இறங்கிய கதை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தொழிலாளர்கள். தொழிலாளர் தலைவர் ஜெரோம். முதலாளி வேஷம் தனக்குப் பொருந்துமா என்று தாளாளர் சந்தேகப்பட்டார். எல்லாரும் தைரியம் சொன்னதால் ஒப்புக்கொண்டார்.

ஒத்திகையில் ஒரு குறை தெரிந்தது. ஸ்ட்ரைக், டிமாண்ட், ஓவர்டைம் என்று எண்ணிப் பார்த்தால் ஒன்பது சொல்தான் தேறியது. ஜெரோம் யோசித்து, முதலாளி கேட்டைப் பூட்டித் தொழிலாளர்களை வெளியே நிறுத்துவதற்கு லாக்கவுட் என்று பெயர் என்றார்.

தாளாளர் துள்ளி எழுந்தார். "அருமை! மேடையில இல்ல சார், நிசக் கேட்டையே பூட்டுவோம். நீங்க பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வெளிய போங்க, நான் எல்லாரும் பாக்கப் பூட்டுறேன். வந்து கெஞ்சுங்க. நான் மனசு இரங்கித் திறந்துவிட்டுட்டு ஸ்பீச் குடுக்குறேன். பூட்டு மட்டும் திண்டுக்கல் பூட்டா இருக்கணும். நம்ம ஊருப் பெருமை."

நாகல்நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறை வைத்திருந்த நூர் அகமதுவிடம், கோயில் கதவுக்குப் போடுகிற அளவில் ஒரு மாங்காய்ப் பூட்டுக்குச் சொன்னார்கள். அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். திறக்க இரண்டு சாவி வேண்டும். ஏப்ரல் முப்பதாம் தேதி தாளாளரே ஜெரோமைக் கூட்டிக்கொண்டு காரில் போய் நின்றார்.

"ஒரு சாவிதான் முடிஞ்சிருக்கு சார். ரெண்டாவதுக்கு இன்னும் அரம் போடணும். நாளைக்கு மே தினம், பட்டறை லீவு. நாளான்னைக்கு வாங்க, முழுசாத் தாரேன்" என்றார் நூர் அகமது.

"பூட்டுறதுக்குச் சாவி வேணுமா?"

"வேணாம். அமுக்குனாப் போதும்."

"அப்பக் குடுய்யா. பூட்டுறதுதான் விசேஷமே. திறக்குறதப் பத்தி இப்ப யாரு கேட்டா?"

"சார், ரெண்டாவது சாவி..." என்றார் ஜெரோம்.

"சார், நீங்க டயலாக்கப் பாருங்க. நிர்வாகத்த நான் பாத்துக்கிறேன்."

மே முதல் தேதி காலை ஒன்பதரை மணிக்கு விழா தொடங்கியது. பெற்றோர்கள், சக ஆசிரியர்கள், கூட்டமைப்பில் பாதிப் பேர் வெயிலில் பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெரோம் முகத்தில் கரி பூசி, டையைக் கழற்றி வைத்துவிட்டு, தலையில் சிவப்புத் துண்டு கட்டியிருந்தார். மனசு மாதா கோயில் வாசலில் நின்றது. கோட்டும் சூட்டுமாக நாற்காலியில் சாய்ந்திருந்த முதலாளியிடம், இனி எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யமாட்டோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போது குரல் உண்மையாகவே நடுங்கியது. பிள்ளைகள் "ஸ்ட்ரைக்! ஸ்ட்ரைக்!" என்று கத்தினார்கள். அதற்கு அவர்களுக்கு ஒத்திகையே தேவைப்பட்டிருக்கவில்லை.

ஊர்வலம் கேட்டைத் தாண்டிச் சாலைக்குப் போனது. தாளாளர் மேடையிலிருந்து இறங்கி வந்து, மாங்காய்ப் பூட்டை உயர்த்திக் காட்டி, கேட்டில் மாட்டி அமுக்கினார். கடகடவென்று ஏதோ உள்ளே இறங்கி உட்கார்ந்தது. பலத்த கைதட்டல். அப்போது மணி பத்து.

ஜெரோம் எழுதிவைத்தபடி வந்து கெஞ்சினார். தாளாளர் எழுதிவைத்தபடி மனம் இரங்கினார். சாவியைப் போட்டார். திருகினார். மறுபடி திருகினார். பூட்டு இரங்கவில்லை.

"சார், ரெண்டாவது சாவி இல்லாம அது திறக்காது சார்" என்றார் ஜெரோம், கேட்டுக் கம்பிகளுக்கு வெளியே நின்று. கூட்டம் இதுவும் வசனம் என்று நினைத்தது.

"சார், நிசமாத்தான் சொல்றேன். நாங்க வெளிய மாட்டிக்கிட்டோம். திறங்க சார்!"

"அடடா! தத்ரூபம்!" என்று சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார். "என்னா நடிப்புய்யா! நம்ம எல்லா ஸ்கூல்லயும் இதப் போடணும்."

அந்தப் பாராட்டு வந்த பிறகு தாளாளரால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

ஜெரோம் கேட்டை மறுபடி ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். அவர் பயந்த சுபாவக்காரர். பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றும் உள்ளே போக வழி தேடிய மனுஷன். எட்டாம் வகுப்புத் தலைவி தமிழ்நிலாதான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், இப்ப நம்ம என்ன சார் பண்ணணும்? ஹிஸ்டரியில என்ன சார் பண்ணாங்க?"

சாலையில் திண்டுக்கல் போகிற மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஜெரோம் கேட்டைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். இந்தப் பள்ளியில் சேர்ந்த ஏழாண்டு காலத்தில் முதல் தடவையாக, தான் வேலையிலிருந்து போகவில்லை, வேலைதான் தன்னை வெளியே வைத்துப் பூட்டியிருக்கிறது என்பது அவருக்கு விளங்கியது.

"ஹிஸ்டரியில அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்கம்மா" என்றார்.

பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் சந்தோஷமாக ஓடினார்கள். திண்டுக்கல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மினி பஸ் கிளம்பியது. மாதா கோயில் வாசலில் அவர் இறங்கியபோது, பிரியாணி இருக்கிறதென்று கேள்விப்பட்ட சிகாகோ தொழிலாளர்களில் பாதிப் பேர் கூடவே இறங்கிவிட்டார்கள்.

உள்ளே ஞானஸ்நானத் தொட்டியருகில் ஆண்டனிராஜ் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றார். பங்குச் சாமி புத்தகத்தை விரித்துவிட்டார். கரி முகமும் சிவப்புத் துண்டுமாக ஓடிவந்தவரைப் பார்த்து, "யாரப்பா நீ?" என்றார்.

"பிள்ளையோட அப்பன், சாமி."

ரூபி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிள்ளையை வாங்கி அவர் கையில் கொடுத்தாள். பாப்பா கோயிலே இடிந்துவிழுகிற மாதிரி கத்தியது. கழுத்தைத் தடவித் தடவி டையைத் தேடியது. அங்கே வியர்வைதான் இருந்தது.

"இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைக்கிறீங்க?" என்று சாமி அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்டார்.

"சகாயராணி" என்றார் ஜெரோம்.

ராத்திரி தூக்கத்தில் தட்டிக் கொடுக்கும்போது கேட்கிற குரல் அது. பகலில் அதைப் பாப்பா கேட்டதேயில்லை. அழுகையை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தது. ஜெரோமுக்குக் கண் நிறைந்து, கன்னத்துக் கரி கோடுகோடாக இறங்கியது. நடிக்கவில்லை, அழுதார். பின்வரிசையில் பிள்ளைகள் என்ன ஏதென்று தெரியாமல் கைதட்டினார்கள்.

அதே நேரத்தில் கோல்டன் தேம்ஸில் தாளாளர் பேசிக்கொண்டிருந்தார். "எட்டு மணி வேலை, எட்டு மணி தூக்கம், சரி. மிச்ச எட்டு மணி? அதச் சும்மா விட்டதாலதான் உலகமே கெட்டுப்போச்சு. அந்த எட்ட நான் எடுத்துக்கிட்டேன். உங்க பிள்ளைகளுக்காக எடுத்துக்கிட்டேன்!" பேச்சு முடிவதாயில்லை. முடிந்தால் எல்லாரும் எழுந்து கேட்டுக்குப் போவார்கள்.

பன்னிரண்டரைக்கு அவர்கள் எழுந்தே விட்டார்கள். பின்கேட் செங்கல்லாக நின்றது. சுவர் மேல் கண்ணாடி மின்னியது. ஆபீஸ் போனிலிருந்து பூட்டுப் பட்டறைக்குப் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார்கள். நூர் அகமதுவின் மாமியார் ஜெய்தூன் பீவிதான் எடுத்தார். "இன்னைக்கு மே தினம்ல? எல்லாரும் வைகை டேமுக்குப் போயிருக்காக. பொழுதோடதான் வருவாக." வேறு பட்டறைகளில் கேட்டால், ஒருத்தர் செய்த பூட்டில் இன்னொருத்தர் கை வைப்பது தொழில் மரியாதை இல்லை என்றும், மரியாதை இருந்தாலும் இன்றைக்கு லீவு என்றும் பதில் வந்தது. விடுமுறையின் வரலாறு தெரியாத ஊர் முழுக்க அன்று விடுமுறையில் இருந்தது.

தண்ணீர் லாரியும் வரவில்லை. அதற்கும் மே தினம். மூன்று மணிக்குச் சிறப்பு விருந்தினர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினார். "இன்னைக்கு என் பேத்திக்குக் காதுகுத்துய்யா! ஒரே ஒரு நாள் லீவு, அதையும் இப்படிப் பண்ணிட்டியே! எனக்கெல்லாம் குடும்பம் இல்லையா?" சக ஆசிரியர்கள் இதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் சிரித்ததாகவும் சொல்வார்கள். நூர் அகமது இரண்டாவது சாவியோடு வந்தபோது மணி ஆறு. பூட்டிய நேரத்திலிருந்து சரியாக எட்டு மணி.

இரண்டு நாள் கழித்துத் தாளாளர் ஜெரோமைக் கூப்பிட்டார். ஜெரோம் போய் நின்றார்.

"நீங்க எப்படி சார் வெளிய போகலாம்?"

"நான் போகல சார். நீங்க பூட்டுனீங்க."

தாளாளர் யோசித்தார். மேசை மேல் அன்றைய பேப்பர் கிடந்தது. 'தத்ரூபமான மே தின நாடகம், தாளாளரின் புதுமை' என்று படத்தோடு போட்டிருந்தான். ஜெரோம் செய்தது தப்பு என்றால் புதுமையும் தப்பாகிவிடும். கடைசியில், சிறந்த நடிகர் என்று அச்சடித்த ஒரு சான்றிதழை அவருக்குக் கொடுத்து அனுப்பினார். பச்சைப் பீரோவிலிருந்த மற்ற சான்றிதழ்கள் பத்திரமாக அங்கேயே இருந்தன.

ஜூன் மாதம் கூட்டமைப்பிலிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை வந்தது. ஆழ்ந்த ஆய்வுக்குப் பிறகு புரட்சிகரமான ஒரு முறை கண்டுபிடிக்கப்பட்டிருப்பதாகவும், அதன்படி அரசு விடுமுறை நாட்களில் மாணவரும் ஆசிரியரும் அவரவர் வீட்டிலேயே இருந்து விடுமுறையைச் செய்முறையாகக் கற்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்காகத் தலைவருக்கு விருது கொடுத்தார்கள்.

அந்த வருஷம் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு ஒன்பதரைக்கெல்லாம் ஜெரோம் வீட்டில் இருந்தார். டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பனியனோடு தரையில் உட்கார்ந்தார். சகாயராணி தூரத்தில் நின்று டையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, மறுபடி டையைப் பார்த்தது. பிறகு தத்தித்தத்தி வந்து அவர் மடியில் ஏறியது. அன்று முழுக்க இறங்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டையைக் காணோம். ஆணியில் இல்லை, நாற்காலியில் இல்லை, கட்டிலடியில் இல்லை. ஜெரோம் வீட்டையே புரட்டிப் போட்டார். சகாயராணி அடுப்படி வாசலில், அரிசிப் பானைக்கு முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றுகொண்டு, "ப்பா, இல்ல" என்றது.

ரூபி பானையைத் திறக்கப் போனாள். ஜெரோம் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.